வீட்டு விஜயப் பதிவேடு

மனிதன் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் லாரியே கண்டுபிடிக்கப்பட்டது.

இதைச் சொன்னவர் ஆதிநாராயணன். சர்வமங்களா ரோடுவேஸ் கம்பெனியின் கும்மிடிப்பூண்டிக் கிளை மேனேஜர். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எதிரே நின்ற ராஜவேலுவும் சிரிக்கவில்லை. டிரைவர் வேலை கேட்டு வந்தவன், மேனேஜர் சிரித்த பிறகுதான் சிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"மாட்டு வண்டி இருந்ததே, அது ஏன் போதவில்லை?" என்று ஆதிநாராயணன் தொடர்ந்தார். "மாட்டுக்கு வீட்டு ஞாபகம் உண்டு. பொழுது சாய்ந்தால் தானாகத் திரும்பிவிடும். விஞ்ஞானிகள் யோசித்தார்கள். வீட்டு ஞாபகமே இல்லாத ஒரு வாகனம் வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் லாரி. அதை ஓட்டுகிறவனும் அப்படித்தான் இருக்க வேண்டும். என்னைப் பார். நான் பொதட்டூர்பேட்டைக்காரன். பதினோரு வருஷமாக என் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. இந்த மேஜைதான் எனக்குக் கட்டில். இந்த லெட்ஜர்தான் தலையணை."

ராஜவேலு லெட்ஜரைப் பார்த்தான். நடுவில் ஒரு தலையளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"ஆனா சார், வெளியில போர்டுல மாசத்துக்கு எட்டு நாள் ஊட்டு லீவுன்னு எழுதிக்கீதே?"

"அது கம்பெனியின் கருணை" என்றார் ஆதிநாராயணன். "கருணை வேறு, கொள்கை வேறு."

ராஜவேலுவின் வீடு கவரைப்பேட்டையைத் தாண்டி, கல்கத்தா ரோட்டின் மேலேயே இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் அவன் வீட்டில் இருந்தது பதினேழு நாள். பழைய முதலாளி லாரியை விற்றுவிட்டு அரிசி மில் வைத்துவிட்டதால் இப்போது தொடர்ந்து ஐந்தாவது நாளாக வீட்டில் இருந்தான். அக்கம்பக்கத்தார் வந்து, "யாரும்மா, உன் அண்ணனா?" என்று ரத்னாவை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

புது வேலை தேடக் கிளம்பியவனை ரத்னா வாசலில் நிறுத்தினாள். "இந்தாங்க, சம்பளம் எவ்ளோ, எவ்ளோ தூரம் ஓட்டணும், எத்தினி நாளு ஊட்ல இருப்பீங்க, இந்த மூணையும் கேட்டுக்கினு வாங்க. மூணாவத மொதல்ல கேளுங்க."

இடங்களும் மூன்று இருந்தன.

முதல் இடம் திருவள்ளூரில், பெங்களூர் லைன் கம்பெனி. அதன் முதலாளி ராஜமாணிக்கம் லைசென்ஸைக் கேட்கவில்லை, ஜாதகத்தைக் கேட்டார். லாரி வாங்கிய நாள், நேரம் எல்லாம் குறித்து லாரிக்கும் ஒரு ஜாதகம் வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எட்டுப் பொருத்தம் இருக்கு. ஒரே ஒரு தடங்கல். வண்டிக்கு மூல நட்சத்திரம். உனக்கு மாமனார் உண்டா?"

"கீறாருங்க."

"ஒடம்பு கிடம்பு?"

"நல்லா கீறாருங்க. இன்னும் நெல் மூட்டை தூக்கறாரு."

ராஜமாணிக்கம் வருத்தத்தோடு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நெலமை ஏதாவது மாறினா வந்து சொல்லு. எடம் காலியா இருந்தா பாக்கலாம்."

இரண்டாவது இடம் மோசஸின் விறகு லாரி. மோசஸிடம் கம்பெனியும் இல்லை, போர்டும் இல்லை. யுத்த காலத்து லாரி ஒன்று மட்டும் இருந்தது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள தோப்புகளில் சவுக்கு விறகு ஏற்றி, பட்டணத்து விறகுத் தொட்டியில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். நூற்றுப்பத்து ரூபாய் சம்பளம். தினமும் வீடு.

"வண்டியில ரிவர்ஸ் வுழாது" என்றார் மோசஸ். "பின்னால போறதுக்கு நமக்கு இன்னாபா வேலை?"

மூன்றாவது இடம்தான் சர்வமங்களா. நூற்றெண்பது ரூபாய் சம்பளம். மைலுக்கு மைல் பேட்டா. கல்கத்தா லைன். போதாததற்கு எட்டு நாள் வீட்டு லீவு. ரத்னாவின் மூன்று கேள்வியில் இரண்டுக்கு அதுதான் முதல் மார்க். மூன்றாவதில் விறகு லாரிக்கு அடுத்தபடி. தவிர, கல்கத்தா லைன் டிரைவர் டீக்கடைக்குள் நுழைந்தால் விறகு லாரி டிரைவர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்பது அந்த ரோட்டில் எழுதாத சட்டம். ராஜவேலு எழுந்திருக்கிறவனாக இருக்க விரும்பவில்லை.

ரத்னா மட்டும், "எட்டு நாளு நீங்க ஊட்ல இருந்தா அந்த லாரிய யாரு ஓட்டறது?" என்று கேட்டாள். அதை அவன் பெண் பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டான்.

சர்வமங்களாவில் முதல் ஒரு மாதம் சோதனை. டிரைவரின் லைசென்ஸை மேனேஜர் வாங்கித் தன் தோல் பைக்குள் பூட்டிக்கொண்டு, அதற்குப் பதிலாக ரப்பர் ஸ்டாம்ப் அடித்த ஒரு சீட்டைக் கொடுப்பார். மாதம் முடிந்தால் மூன்று வருஷத்துக்கு பாண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மோசஸ் பெரிய மனசு பண்ணி, "ஒண்ணாந் தேதி வரைக்கும் டிரைவர் சீட்டைக் காலியா வச்சிருப்பேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவேன், என்னைக் கேக்காதே" என்றார்.

ராஜவேலு கும்மிடிப்பூண்டியில் வண்டி எடுத்து, தெற்கே பட்டணத்துக்குப் போய் ஹார்பரில் சரக்கு ஏற்றி, வடக்கே திரும்பிக் கல்கத்தாவுக்குப் போனான். இரண்டு தடவையும் வீட்டைத் தாண்டினான். இரண்டு தடவையும் வேகத்தைக் குறைத்தான். ரத்னா ரோட்டோரம் ஓடிவந்து ஜன்னல் வழியாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். "பத்திரம்" என்றாள். அவன் "சரி" என்றான். அவ்வளவுதான் லாரி இடம் கொடுத்தது.

அந்தக் காலத்தில் ரோட்டில் மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல்லை நட்டு முடித்திருந்தார்கள். கல்கத்தா போகும்போது ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கல் வந்தது. பேட்டா எழுதும்போது ஆயிரத்துச் சொச்சம் மைல்தான் வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று ஆதிநாராயணன் சிலேட்டில் போட்டு நிரூபித்தார். அவர் கணக்கில் தப்பே இல்லை. இருந்தாலும் ராஜவேலுவின் முழங்காலுக்கு ஆயிரத்து அறுநூறுதான் தெரிந்தது.

பட்டணத்தில் இறக்கிவிட்டு, பன்னிரண்டாம் நாள் கும்மிடிப்பூண்டி ஆபீசில் வந்து நின்றவனை ஆதிநாராயணன் கைகுலுக்கி வரவேற்றார்.

"எப்படி இருந்தது வீட்டு வாழ்க்கை? நாலு நாள் சந்தோஷமாகப் போயிற்றா?"

"எந்த நாலு நாள் சார்?"

மேனேஜர் சிவப்பு பைண்டு போட்ட ஒரு பெரிய நோட்டைத் திறந்தார். மேலே 'வீட்டு விஜயப் பதிவேடு' என்று அச்சடித்திருந்தது. அதில் ராஜவேலு பெயருக்கு நேராக நான்கு வரி எழுதி, நான்கிலும் சீல் வைத்திருந்தது.

"பட்டணம் போகும்போது ஒன்று. கல்கத்தா போகும்போது ஒன்று. வரும்போது ஒன்று. பட்டணத்திலிருந்து இங்கே திரும்பியது ஒன்று. ஆக நாலு விஜயம்."

"நான் ஊட்டுக்குள்ளயே போவல சார்! வண்டியில ஒக்காந்துக்கினே தாண்டி வந்தேன்."

"டிரைவரின் வீட்டுக்கு இந்தப் பக்கம் அரை மைல், அந்தப் பக்கம் அரை மைல், இது வீட்டு எல்லை. எல்லைக்குள் இருந்தால் வீட்டில் இருந்ததாக அர்த்தம்."

"ஒரு மைல தாண்ட மூணு நிமிசம் சார்."

"ஒரு நாளில் எவ்வளவு பகுதி லீவு எடுத்தாலும் அது முழு நாள். கம்பெனி கால் லீவு, அரைக்கால் லீவு எல்லாம் சில்லறையாகக் கொடுத்து டிரைவரை அவமானப்படுத்துவதில்லை."

ராஜவேலு தலையைச் சொறிந்தான். "நான் தாண்டினத யாரு பாத்தாங்க?"

"பார்க்க வேண்டியதில்லையே. வீடு அங்கே இருக்கிறது. ரோடு அங்கே இருக்கிறது. நீ பறந்து போயிருக்க முடியாது."

அடுத்த நடையில் ராஜவேலு ஒரு யோசனை பண்ணினான். கணக்கில்தான் லீவு ஏறுகிறதே, இறங்கி ஒரு வேளை சாப்பிட்டுவிட்டாவது போகலாம் என்று அனுமதி கேட்டான். ஆதிநாராயணன் அதிர்ந்து போனார். "லீவில் இருக்கிறவன் லாரியை விட்டு இறங்கினால், லாரியை யார் பார்த்துக்கொள்வது?"

இதற்கு நடுவே மேனேஜருக்கு மூக்குப்பொடி வாங்க ஒரு தடவையும், அது வேறு மார்க்காக இருந்ததால் திருப்பிக் கொடுக்க ஒரு தடவையும் அவன் பட்டணம் போய் வந்தான். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போதே பதிவேட்டில் பன்னிரண்டு விஜயம் ஏறியிருந்தது. எட்டு நாள் போக, அளவுக்கு மீறி வீட்டில் தங்கியதற்காக நாலு நாள் சம்பளம் பிடித்தம். அந்தந்த மைலுக்குப் பேட்டாவும் கிடையாது, ஏனென்றால் லீவில் இருந்தவனுக்குப் பேட்டா இல்லை. இதோடு ஒரு மெமோவும் வந்தது.

'மேற்படி பன்னிரண்டு நாட்களிலும் லீவில் இருந்த ராஜவேலு என்ற அந்நிய நபரைக் கம்பெனி லாரியை ஓட்ட அனுமதித்தது ஏன் என்று டிரைவர் ராஜவேலு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டியது.'

ராஜவேலு எட்டாவது படித்தவன். இரண்டு ராத்திரி யோசித்துக் கைப்பட எழுதிக் கொடுத்தான்: 'அந்த ராஜவேலு எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர். நல்ல மாதிரி. குடிக்க மாட்டார். தெரியாமல் ஏற்றிவிட்டேன். இனிமேல் ஏற்ற மாட்டேன்.'

விளக்கம் ஏற்கப்பட்டது. முதல் குற்றம் என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

வீட்டில் வேறு வினை வந்திருந்தது. ரேஷன் இன்ஸ்பெக்டர் சுப்பராயன் கார்டில் உள்ள தலைகளை எண்ண வந்திருந்தார். அவர் பெயரை நம்பமாட்டார், வீட்டில் வைத்துக் கண்ணால் பார்த்த தலையைத்தான் நம்புவார். மூன்று தடவை வந்தும் ராஜவேலு தலையைக் காணாததால் கார்டில் அவன் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டார். ரத்னாவுக்கு மட்டும் அரிசி, ரத்னாவுக்கு மட்டும் சர்க்கரை.

"நான் கீறேன்னு கம்பெனியில எழுதி வாங்கிக்கினு வரேன்" என்றான் ராஜவேலு, ஜன்னல் வழியாக. இந்த விஷயத்தை அவர்கள் பேசி முடிக்கவே மூன்று விஜயம் பிடித்தது. அவர்கள் சண்டைகூடத் தவணை முறையில்தான் நடந்தது. பட்டணம் போகும்போது அவள் கேட்ட கேள்விக்குத் திரும்பி வரும்போதுதான் அவன் பதில் சொல்வான். அதற்குள் அவள் வேறு கேள்விக்குப் போயிருப்பாள்.

ஆதிநாராயணன் சர்டிபிகேட்டை மிகப் பெருமையோடு கொடுத்தார். 'மேற்படியார் இம்மாதத்தில் பன்னிரண்டு நாள் தன் இல்லத்தில், தன் மனைவியுடன், சகல சௌகரியங்களுடன் வசித்தார்' என்று கோபுரச் சின்னத்துக்குக் குறையாத ஒரு முத்திரையோடு இருந்தது.

கும்மிடிப்பூண்டி ரேஷன் ஆபீசில் சுப்பராயன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பன்னெண்டு நாளா? மாசத்துல பாதி நாளாவது இருந்தாத்தான் பெரிய ஆளு, ரெண்டு யூனிட். பாதிக்குக் கொறஞ்சா ஒரு யூனிட். ஒரு யூனிட்டுன்னா சிறுவர்."

"எனக்கு இருபத்தேழு வயசு ஆவுது சார்!"

"இது வயசப் பத்தின விஷயம் இல்லப்பா, அரிசியப் பத்தின விஷயம். உன் மனசு நோவக் கூடாதுன்னு கைக்கொழந்தைன்னு போடாம சிறுவர்னு போடறேன்."

அப்படியாக, ராஜவேலுவின் குடும்ப அட்டையில் குடும்பத் தலைவி ரத்னா, பெரியவர். ராஜவேலு, சிறுவர் என்று பதிவாயிற்று.

அடுத்த நடையில் ரத்னா பொட்டலத்தை நீட்டவில்லை. கார்டை நீட்டிக் காட்டினாள். லாரியோடு கூடவே பத்தடி ஓடிவந்தாள்.

"எனக்குப் புள்ள வேணும்தான். அது நீங்களா இருக்கக் கூடாது! ஒண்ணாந் தேதி வருது. அந்த மோசஸ் வண்டிக்கு இன்னா கொறைச்சல்?"

"விறகு வண்டி ஓட்டினா நாலு பேரு மதிக்க மாட்டான்டி!"

"அந்த நாலு பேரா உங்களுக்குச் சோறு போடறாங்க?"

அதற்கு அவன் பதில் யோசித்து முடிப்பதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது.

முப்பதாம் தேதி காலையில் பாண்டு கையெழுத்து விழா. தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் கோலி சோடா கொடுத்தார்கள். எல்லாரும் என்றால் ராஜவேலு, புக்கிங் கிளார்க் லோகநாதன், மேனேஜர். ஆதிநாராயணன் எழுந்து நின்று, ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதுபோல இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தார்.

"தோழர்களே! நம் டிரைவர்கள் குடும்பத்தைக் கவனிப்பதில்லை என்று விஷமிகள் சொல்கிறார்கள். புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? இந்தக் கிளையின் டிரைவர்கள் சென்ற வருஷம் மொத்தம் நானூற்று முப்பது நாள் வீட்டில் இருந்திருக்கிறார்கள்! நமக்கு இருப்பதோ மூன்றே டிரைவர்கள். ஒருவர்கூட ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. உலகத்தில் எந்தக் கம்பெனி இதைச் சாதித்திருக்கிறது? வரும் வருஷம் வீட்டு எல்லையை அரை மைலிலிருந்து இரண்டு மைலாக உயர்த்த இருக்கிறோம். இனி உங்கள் மாமியார் வீட்டுக்கும் நீங்கள் போய் வந்ததாக ஆகும்!"

லோகநாதன் கைதட்டினான். அது அவன் வேலையில் சேர்ந்தது.

"ஆனால் ஒன்று" என்று ஆதிநாராயணன் குரலைத் தாழ்த்தினார். "சில டிரைவர்கள் தம் சொந்த வீட்டு வாசலிலேயே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சோற்றுப் பொட்டலம் வாங்குகிறார்கள். பிச்சைக்காரன்கூட அந்நியன் வீட்டில்தான் கை நீட்டுவான். ஐந்து டன் வண்டியை அடக்குகிறவன், அரைப்படிச் சோற்றுக்காக இடுப்புவரை வெளியே தொங்குவதா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. ராஜவேலு, கையெழுத்துப் போடு."

ராஜவேலு பேனாவை வாங்கினான். மூடியைத் திறந்தான். மூடினான். "ஊட்ல ஒரு வார்த்த..."

"பார்த்தாயா!" என்று ஆதிநாராயணன் லோகநாதனைப் பார்த்துச் சொன்னார். "சரி. இன்றைக்குத் திருத்தணியில் கைலி பேல் மூட்டைகள் ஏற்ற வேண்டும். நானும் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறேன். சாயங்காலத்துக்குள் முடிவு சொல். பாண்டு என்னிடமே இருக்கட்டும்."

தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் லாரியில் ஏறி உட்கார்ந்தார். ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வழியாகத் திருத்தணி. பேல் ஏற்றிக் கிளம்பும்போது மதியம் ஆகிவிட்டது. ராஜவேலு கியரைப் போட்டுக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"நான் கையெழுத்துப் போடல சார். எனக்கு விறகு வண்டி போதும்."

ஆதிநாராயணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அடுத்த ஆறு மைலுக்கு அவர் பேசியதைச் சுருக்கிச் சொன்னால்: விறகு என்பது சரக்கே அல்ல. தினமும் வீட்டுக்குப் போகிறவனுக்கு வீட்டின் அருமை தெரியாது. பெண்டாட்டி சொல் கேட்டு வண்டி ஓட்டியவன் எவனும் கல்கத்தாவைப் பார்த்ததில்லை.

"லைசென்ஸக் குடுத்துருங்க சார்."

"ஆபீசில் விண்ணப்பம் கொடு. தலைமை அலுவலகம் பரிசீலித்து ஆறு மாதத்தில் சொல்லும்." ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் மோசஸ் வண்டியும் இல்லை. 

ஒரு கிளைச் சாலை வந்தது. மேனேஜர், "இப்படித் திரும்பு. பொதட்டூர்பேட்டையில் கிளை திறக்கலாமா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

"அது சுத்தாச்சே சார். டீசலு..."

"கம்பெனி விரிவாக்கத்தில் சுற்று என்று ஒன்று கிடையாது."

ஊருக்குள் நுழைந்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார். தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், "மெதுவா" என்றார். கொஞ்ச தூரம் போய், "இன்னும் மெதுவா" என்றார். பிறகு ரோட்டையே பார்த்துக்கொண்டு, "ஹாரன ரெண்டு வாட்டி அடி. நீட்டி அடிக்காதே" என்றார்.

ராஜவேலு இரண்டு வாட்டி அடித்தான். தெருவில் படுத்திருந்த எருமை ஒன்று, இந்த ஹாரனைப் பல வருஷமாகத் தெரிந்த மாதிரி எழுந்து ஓரமாகப் போயிற்று. பச்சைக் கதவு போட்ட வீட்டிலிருந்து ஓர் அம்மாள் அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். ஆதிநாராயணன் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே தொங்கினார். இரண்டு கையையும் நீட்டினார்.

"இன்னா ஜானகி, ஒடம்பு எப்டி கீது?"

"கீது. இன்னிக்காவது எறங்கி வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போங்களேன்."

"டூட்டியில கீறேம்மா."

"பதினோரு வருசமா இதே டூட்டிதான். பெரியவ ஊட்ல கொழந்த நடக்க ஆரமிச்சிடுச்சாம், காயிதம் வந்துது."

"அப்டியா? எத்தினி அடி நடக்குதாம்?"

"அது எழுதல."

ராஜவேலு இன்ஜினை அணைத்தான். "டயர்ல காத்து பாக்கணும் சார். பத்து நிமிசம் ஆவும்" என்று சொல்லிக் கீழே குதித்துப் பின்பக்கம் போய் நின்றுகொண்டான். டயரில் காற்று நன்றாகவே இருந்தது. எட்டிப் பார்த்தபோது, ஆதிநாராயணன் இறங்கவில்லை. கொள்கை. ஆனால் ஜன்னலில் தொங்கியபடியே கதம்பச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜானகியம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி, குழம்பு வேணுமா, மோர் வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டினார்கள்.

"சார்" என்றான் ராஜவேலு. "இத ரிஜிஸ்டர்ல எந்தப் பக்கத்துல எழுதணும்?"

ஆதிநாராயணன் ரோட்டோரத்து ஏரியைப் பார்த்தார். அதில் தண்ணீர் இல்லை. பிறகு தோல் பையைத் திறந்தார். பாண்டுக் காகிதங்களை ஒதுக்கி, அடியிலிருந்து லைசென்ஸை எடுத்து, ராஜவேலுவின் சட்டைப் பையில் செருகினார்.

"விறகு வண்டிக்கும் இது வேணும் இல்ல" என்றார்.

ராஜவேலு சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாளை மோசஸைப் பார்க்க வேண்டும். டீக்கடையில் பெஞ்சை விட்டு எழுந்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். சுப்பராயனிடம் தலையைக் காட்டிப் பெரியவனாக வேண்டும். நினைக்க நினைக்க வண்டி லேசாகிக்கொண்டு போயிற்று.

இரண்டு மைல் போயிருப்பார்கள். ஆதிநாராயணன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்பா."

"சார்?"

"அடுக்குப் பாத்திரத்தக் குடுக்காம வந்துட்டேன். காலிப் பாத்திரம் கம்பெனி வண்டியில இருக்கறது முறை இல்ல."

ராஜவேலு பார்த்தான். பாத்திரம் மேனேஜர் மடியில் இருந்தது. வண்டியைத் திருப்பினான்.

"மெதுவாவே போ" என்றார் ஆதிநாராயணன். பச்சைக் கதவு வருவதற்கு இன்னும் அரை மைலுக்கு மேல் இருந்தது. அதற்குள் அவர் கை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.